பழைய காருக்கு எவ்வளவு கொடுக்கலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பத்து வயதைத் தாண்டிய காரை வாங்கப் போகும் நண்பர்களும் உறவினர்களும் என்னிடம் முதலில் கேட்பது, "இந்த வண்டிக்கு எவ்வளவு கொடுக்கலாம்?" என்பதைத்தான். நான் மெக்கானிக் இல்லை, கார் வியாபாரியும் இல்லை. எனக்காகவும் மற்றவர்களுக்குத் துணையாகவும் போய்ப் பல பழைய கார்களைப் பார்த்து, விலை பேசி, வாங்கி விற்றிருக்கிறேன். அப்படித் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். எந்த நாட்டுப் பணத்துக்கும் பொருந்த வேண்டும் என்பதால் கணக்குகளை 100 என்ற எண்ணை வைத்தே போட்டிருக்கிறேன்.

நியாயமான விலை என்று எதைச் சொல்கிறீர்கள்?

அதே மாடலில், ஏறக்குறைய அதே வயதில், ஒழுங்காக ஓடும் ஒரு கார் என்ன விலைக்குக் கை மாறுகிறது என்று முதலில் பாருங்கள். உங்கள் முன்னால் நிற்கும் காரை அந்த நிலைக்குக் கொண்டுவர எவ்வளவு செலவாகும் என்று அடுத்துப் பாருங்கள். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் வருவதுதான் நியாயமான விலை. கீழே எழுதியிருப்பதெல்லாம் அந்த இரண்டு எண்களையும் எப்படிக் கண்டுபிடிப்பது என்பது பற்றித்தான்.

வயதை வைத்தே விலையைச் சொல்லிவிட முடியாதா?

புதிய காருக்கு ஓரளவு முடியும். பழைய காருக்கு முடியாது. ஏன் என்று ஒரு கணக்கில் பார்க்கலாம். புதிதாக 100 கொடுத்து வாங்கிய கார் ஆண்டுக்கு 15 சதவீதம் மதிப்பிழக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆண்டில் மட்டும் 15 போய்விடும். ஐந்து ஆண்டில் 44-க்கு வந்து நிற்கும். பத்து ஆண்டில் சுமார் 20. அந்தப் பத்தாவது ஆண்டில் அது இழந்தது வெறும் 3.5 தான்.

இப்போது செலவைப் பாருங்கள். 20 மதிப்புள்ள அந்தக் காருக்கு நான்கு டயர், ஒரு கிளட்ச், ஒரு டைமிங் பெல்ட் (எஞ்சினின் வால்வுகளையும் பிஸ்டனையும் ஒத்திசைத்து ஓட வைக்கும் பட்டை) போட்டால் அந்த மூன்றுமே அந்த 3.5-ஐத் தொட்டுவிடலாம். அதாவது ஒரு வயது கூடுதலா குறைவா என்பதைவிட, இந்த மூன்று வேலையும் முடிந்திருக்கிறதா என்பதே விலையை அதிகம் அசைக்கிறது. அதனால்தான் 'பன்னிரண்டு வயது வண்டி இவ்வளவுக்கா?' என்று கேட்பவர்களிடம், வயதை விட்டுவிட்டு வண்டியைப் பாருங்கள் என்கிறேன்.

விளம்பரத்தில் போட்டிருக்கும் விலையை நம்பலாமா?

அது விற்பவரின் ஆசை. ஆனாலும் தொடக்கத்துக்கு அதை விட்டால் வேறு வழியில்லை. அதே மாடல், அதே எரிபொருள், அதே கியர் வகை, ஓராண்டு முன்பின் என்று ஆறேழு விளம்பரங்களையாவது எடுத்து எழுதி வையுங்கள். மிக அதிகம் கேட்பதையும் மிகக் குறைவாகக் கேட்பதையும் அடித்துவிட்டு நடுவில் இருப்பதைப் பாருங்கள்.

அப்புறம் இரண்டு வாரம் பொறுங்கள். இது பலரும் செய்யாத வேலை. எந்த விளம்பரம் மூன்றே நாளில் காணாமல் போகிறது, எது விலையைக் குறைத்துக் குறைத்து அங்கேயே கிடக்கிறது என்று பார்த்தாலே சந்தை எந்த விலையை ஏற்கிறது என்பது தெரிந்துவிடும். சீக்கிரம் போனவை என்ன கேட்டனவோ, அதைவிடச் சற்றுக் கீழேதான் பெரும்பாலும் முடிந்திருக்கும்.

எத்தனை கிலோமீட்டர் ஓடியிருந்தால் அதிகம்?

ஆண்டுக்கு 10,000 முதல் 15,000 வரை என்பது பலரும் வைத்துக்கொள்ளும் பொது அளவு. ஆனால் எல்லாக் கிலோமீட்டரும் ஒன்றல்ல. நெடுஞ்சாலையில் சீராக ஓடிய 1,50,000, நெரிசலில் கிளட்சை மிதித்து மிதித்து ஓடிய 80,000-ஐவிட எஞ்சினுக்கு நல்லது.

மிகக் குறைவாக ஓடிய பழைய காரைப் பார்த்து மயங்க வேண்டாம். பத்து ஆண்டில் 20,000 மட்டும் ஓடியது என்றால் அது பெரும்பாலும் நின்றுகொண்டே இருந்திருக்கிறது. நிற்கும் வண்டியில் ரப்பர் இறுகி வெடிக்கும், ஆயில் சீல்கள் கசியும், பிரேக் பிடித்துக்கொள்ளும், டேங்கில் பெட்ரோல் கெடும். அந்தக் குறைந்த எண்ணுக்காகக் கூடுதல் விலை கொடுத்தவர்கள், அடுத்த ஆறு மாதத்தில் ஹோஸ், பெல்ட், டயர் என்று மறுபடியும் கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன்.

மீட்டரைக் குறைத்திருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது?

மீட்டர் என்ன சொன்னாலும் காரின் மற்ற பாகங்கள் வேறு கதை சொல்லும். பிரேக் பெடலின் ரப்பர் ஒரு பக்கமாகத் தேய்ந்து வழவழப்பாகிவிட்டதா, ஸ்டீயரிங்கில் கை பிடிக்கும் இடம் பளபளக்கிறதா, ஓட்டுநர் சீட்டில் ஏறி இறங்கும் பக்கத்து விளிம்பு நைந்து போயிருக்கிறதா என்று பாருங்கள். 40,000 ஓடிய காரில் இவை இப்படி இருக்கக் கூடாது. சர்வீஸ் பில்களில் ஒவ்வொரு முறையும் கிலோமீட்டர் எழுதியிருப்பார்கள். அவற்றைத் தேதி வரிசையில் அடுக்கினால் எண் ஏறிக்கொண்டே போக வேண்டும்.

டயரும் பேசும். டயரின் பக்கவாட்டில் டி.ஓ.டி. என்ற எழுத்துகளோடு ஒரு குறியீடு இருக்கும். அதன் கடைசி நான்கு எண்கள்தான் தயாரான வாரமும் ஆண்டும். 2319 என்று இருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரம். அந்தக் குறியீடு சில டயர்களில் ஒரு பக்கம் மட்டுமே முழுதாக இருக்கும், குனிந்து உள்பக்கமும் பார்க்க வேண்டும். ஸ்டெப்னியையும் பாருங்கள், அது பல கார்களில் கம்பெனியிலிருந்து வந்ததாகவே இருக்கும். ஒருமுறை 25,000 கிலோமீட்டர் என்று சொன்ன காரில், ஸ்டெப்னி காரின் வயதிலும், ஓடும் நான்கு டயர்களும் அதைவிட ஆறு ஆண்டு இளையவையாகவும் இருந்தன. போதாததற்கு அந்த நான்கும் தேய்ந்து முடியும் நிலையில். இரண்டு செட் டயரை 25,000-க்குள் யார் தீர்ப்பார்கள்? நாங்கள் விலையே பேசவில்லை, நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டோம்.

வண்டியைப் பார்க்கப் போகும்போது முதலில் என்ன செய்ய வேண்டும்?

பானெட்டில் கை வையுங்கள். சில்லென்று இருக்க வேண்டும்.

இதை நான் பணம் கொடுத்துக் கற்றுக்கொண்டேன். நான் வாங்கிய முதல் பழைய காரைப் பார்க்கப் போனபோது எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. "வாங்க சார், உங்களுக்காக ஏசி போட்டு வைச்சிருக்கேன்" என்றார் விற்றவர். அன்பாகத்தான் இருக்கிறார் என்று நினைத்தேன். வண்டி அருமையாக ஓடியது. வாங்கிய மறுநாள் காலையில் ஸ்டார்ட் செய்ததும் சைலன்சரிலிருந்து நீலப் புகை குப்பென்று வந்து ஒரு நிமிடம் நின்றது. இரவெல்லாம் வால்வு சீல் வழியாக இறங்கிய ஆயில் காலையில் எரிகிறது என்றார் மெக்கானிக். சூடான எஞ்சினில் அது தெரியவே தெரியாது. அந்த வேலைக்கு ஆன செலவை நான் விலையில் கழித்திருக்க வேண்டும். கழிக்கவில்லை.

அதனால் போவதற்கு முன்பே, "நான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். ஸ்டார்ட் செய்யும்போது ஒருவர் பின்னால் நின்று புகையைப் பார்க்கட்டும். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. கறுப்பு என்றால் எரிபொருள் அதிகமாகப் போகிறது அல்லது காற்று போதவில்லை. குளிர்ந்த காலையில் லேசான வெண்புகை வந்து மறைவது வெறும் நீராவி. எஞ்சின் சூடான பிறகும் அடர்த்தியாக, இனிப்பு வாடையோடு வெண்புகை வந்தால் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) எரிபொருள் எரியும் அறைக்குள் போகிறது, ஹெட் கேஸ்கெட் (எஞ்சினின் மேல், கீழ் பாகங்களுக்கு நடுவே கசிவைத் தடுக்கும் தகடு) சந்தேகம். கூலன்ட் அளவைப் பார்க்க ரேடியேட்டர் மூடியை எஞ்சின் ஆறியிருக்கும்போது மட்டுமே திறக்க வேண்டும். ஆயில் மூடியின் அடியில் வெண்ணெய் போலப் படிந்திருந்தாலும் கவனியுங்கள். குறுகிய தூரமே ஓடும் வண்டியில் ஈரத்தால் அப்படிச் சிறிது படிவதுண்டு, ஆனால் கூலன்டும் குறைந்திருந்தால் அது கேஸ்கெட்டைத்தான் காட்டுகிறது.

பிறகு ஓட்டிப் பாருங்கள். மேல் கியரில் மெதுவாகப் போகும்போது ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்தினால், எஞ்சின் சத்தம் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. ஆளில்லாத நேரான சாலையில் ஸ்டீயரிங்கை லேசாக விட்டுப் பார்த்தால் ஒரு பக்கம் இழுக்கிறதா என்பது தெரியும்.

பழைய கார் என்றால் எஞ்சினைத்தானே முக்கியமாகப் பார்க்க வேண்டும்?

எஞ்சினைவிட எனக்குத் துருதான் பயம். எஞ்சின் வேலைக்கு ஒரு விலை உண்டு, செய்து முடித்தால் முடிந்தது. அடிச்சட்டத்தில் ஏறிய துரு தடுத்தாலும் வேறொரு பக்கம் வந்து நிற்கும், வண்டியின் உறுதியையே குறைக்கும். சக்கர வளைவின் உள்பக்கம், கதவின் கீழ் விளிம்பு, டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் குழி, ஜாக்கி வைக்கும் இடம் ஆகியவற்றைத் தொட்டுப் பாருங்கள். மேலாகப் படிந்த துரு வேறு, விரலால் அழுத்தினால் உதிரும் துரு வேறு. இரண்டாவது வகை அடிச்சட்டத்தில் இருந்தால் நான் எந்த விலைக்கும் வாங்க மாட்டேன்.

அடிபட்ட வண்டி என்றால் எவ்வளவு குறைக்கலாம்?

என்ன அடி என்பதைப் பொறுத்தது. பம்பர், ஒரு கதவு, ஒரு ஃபெண்டர் என்றால் வேலை சுத்தமாக இருக்கும்வரை பழைய காரில் பெரிதாகக் குறைக்க வேண்டியதில்லை. பன்னிரண்டு ஆண்டில் ஒரு கீறலும் படாத கார் அபூர்வம். சேஸிஸ் (அடிச்சட்டம்) வளைந்திருந்தால், கூரையைத் தாங்கும் பில்லரை வெட்டி ஒட்டியிருந்தால், ஏர்பேக் வெடித்திருந்தால் அது வேறு கதை. அங்கே குறைத்துப் பேசுவதைவிட விலகிவிடுவது நல்லது.

கண்டுபிடிக்க ஒரு சின்ன வழி: எல்லாக் கண்ணாடிகளின் மூலையிலும் தயாரித்தவரின் முத்திரையும் தேதிக் குறியும் இருக்கும். ஒன்று மட்டும் வேறு கம்பெனியாகவோ வேறு ஆண்டாகவோ இருந்தால் அந்தப் பக்கத்தில் என்ன நடந்தது என்று கேளுங்கள். கதவு, பானெட் இடைவெளிகள் இருபுறமும் ஒரே அளவாக இருக்கின்றனவா என்றும் பாருங்கள். பட்டி வைத்த இடத்தில் காந்தம் சரியாக ஒட்டாது.

வெள்ளத்தில் மூழ்கிய கார் மலிவாகக் கிடைக்கிறது, வாங்கலாமா?

வேண்டாம். வயரிங்கில் போன ஈரம் எப்போது எந்தப் பக்கம் வேலையைக் காட்டும் என்று யாராலும் விலை போட முடியாது. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள், சேற்றுக் கறை பெரும்பாலும் அங்கே தங்கியிருக்கும்.

சரி, குறைகளைக் கண்டுபிடித்துவிட்டேன். அதை எப்படிப் பணமாக மாற்றுவது?

இங்கேதான் இரண்டு பக்கமும் அநியாயம் நடக்கிறது. வாங்குபவர் எல்லாவற்றுக்கும் முழுச் செலவைக் கழிக்கப் பார்ப்பார். விற்பவர் எதையும் கழிக்க விடமாட்டார். நான் மூன்று விதமாகப் பிரிப்பேன்.

முதலாவது, தேயும் பொருட்கள்: டயர், பிரேக் பேட், பேட்டரி. நாம் ஒப்பிடும் 'நல்ல வண்டி'யிலும் இவை பாதி தேய்ந்தே இருக்கும். அதனால் முழுதாகத் தேய்ந்திருந்தால் புதிய விலையில் பாதியைக் கழித்தால் போதும். புத்தம் புதியதாக இருந்தால் பாதியைக் கூட்டிக் கொடுப்பதும் நியாயம்.

இரண்டாவது, வேலை செய்தே ஆக வேண்டியவை: வழுக்கும் கிளட்ச், கசியும் ரேடியேட்டர், கெட்டுப்போன ஷாக் அப்சார்பர். இவற்றுக்கு முழுச் செலவு. பில் இல்லாத டைமிங் பெல்ட்டையும் இதில்தான் சேர்ப்பேன். காரைப் பொறுத்து இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை ஆண்டு, எது முதலில் வருகிறதோ அப்போது மாற்ற வேண்டும் என்று கையேட்டிலேயே இருக்கும். பல எஞ்சின்களில் அது அறுந்தால் பிஸ்டன் வால்வில் மோதி எஞ்சினே போய்விடும். 'போன வருஷம்தான் மாத்தினேன்' என்ற வாய்ச்சொல்லை ஏற்க முடியாது. பெல்ட்டுக்குப் பதில் செயின் உள்ள எஞ்சின் என்றால் இந்தக் கவலை குறைவு, சத்தம் மட்டும் கேளுங்கள்.

மூன்றாவது, காரணம் தெரியாத கோளாறு. இது கொஞ்சம் யோசிக்க வேண்டியது. ஏசியில் குளிர்ச்சி இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். 'கேஸ் ஏத்தினா சரியாயிடும்' என்பார்கள். உண்மையிலேயே அவ்வளவுதான் என்றால் அவர்களே ஏற்றிவிட்டு விற்றிருக்கலாமே. கேஸ் மட்டும் என்றால் 1, கம்ப்ரெஸர் என்றால் 9 ஆகும், இரண்டுக்கும் சம வாய்ப்பு என்றால் நடுவில் 5-ஐக் கழிப்பேன்.

ஒரு முழுக் கணக்கு. ஒப்பிட்டுப் பார்த்த கார்களுக்குக் கேட்கும் விலை 100, பேசி முடிவது 95 என்று வைப்போம். டயர் நான்கும் தீர்ந்துவிட்டன, புதிது 8, பாதி 4. டைமிங் பெல்ட்டுக்குப் பில் இல்லை, 6. ஏசி 5. மொத்தம் 15. எனவே 80. அந்த வேலைகளுக்காக நீங்கள் அலையும் நாட்களும் கணக்கில் உண்டு, அதற்காக 2 குறைத்தால் 78. இதுதான் என் கடைசி விலை. இதை வீட்டிலேயே ஒரு தாளில் எழுதிவிடுவேன், வண்டியின் முன்னால் நிற்கும்போது மனது மாறும்.

"இந்த வண்டிக்கு நிறையச் செலவு செய்திருக்கிறேன்" என்கிறார். அதற்குக் கூடுதலாகக் கொடுக்க வேண்டுமா?

என்ன செலவு என்று கேளுங்கள். அடுத்த ஓரிரு ஆண்டில் நீங்கள் செய்ய வேண்டியிருந்த வேலையை அவர் செய்து, பில்லும் வைத்திருந்தால் அது உங்கள் பணத்தை மிச்சப்படுத்துகிறது, ஒரு பகுதியைக் கொடுக்கலாம். அலாய் வீல், ஸ்பீக்கர், சீட் கவர் ஆகியவை அவருடைய ஆசை. அவற்றுக்கு நான் ஒன்றும் கூட்டுவதில்லை.

ஸ்கேனர் போட்டுப் பார்ப்பது அவசியமா?

போட்டால் நல்லது. அமெரிக்காவில் 1996 முதலும் ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001 முதலும் ஓ.பி.டி. இணைப்பு (கார் தானே கண்டறிந்த பிழைகளைப் படிக்க ஸ்கேனரைச் செருகும் இடம்) கட்டாயம், இன்று பெரும்பாலான கார்களில் உண்டு. ஒரு விஷயத்தைக் கவனியுங்கள்: பிழைகள் எதுவும் இல்லை என்று காட்டினால் மட்டும் போதாது. யாராவது முந்தின நாள் பிழைகளை அழித்திருந்தால், காரின் சுயசோதனைகள் 'இன்னும் முடியவில்லை' என்றே காட்டும். அப்படிக் காட்டினால் ஏன் என்று கேளுங்கள்.

டீலரிடம் அதே கார் ஏன் விலை கூடுதல்?

அவர் வண்டியைச் சரிபார்க்கிறார், இடத்துக்கு வாடகை கொடுக்கிறார், லாபமும் வைக்கிறார். எழுத்தில் உத்தரவாதம் கொடுத்தால், எஞ்சின், கியர்பாக்ஸ் இரண்டும் அதில் அடங்கினால், அந்தக் கூடுதலில் ஒரு பகுதி நியாயம்தான். உத்தரவாதம் இல்லையென்றால் தனி ஆளிடம் வாங்கும் கணக்கையே இங்கேயும் போடுங்கள்.

நான் விற்கப் போகிறேன். நல்ல வண்டிக்குக்கூட ஏன் நல்ல விலை கிடைக்கவில்லை?

உங்களுக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாததால். பொருளியலாளர் ஜார்ஜ் அகெர்லோஃப் 1970-இல் இதைத்தான் எழுதினார், பிறகு 2001-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். நல்ல காரையும் ஓட்டைக் காரையும் பிரித்துப் பார்க்க முடியாதவர் இரண்டுக்கும் நடுவான விலையைத்தான் கொடுப்பார். அந்த விலைக்கு நல்ல காரின் சொந்தக்காரர் விற்க மாட்டார். மிஞ்சுவது மோசமானவை, விலை இன்னும் இறங்கும்.

இதிலிருந்து வெளியே வர வழி, தெரியாததைத் தெரிய வைப்பதுதான். பில்களைத் தேதிவாரியாகக் கோத்து வையுங்கள். குறைகளை நீங்களே எழுதிக் கொடுங்கள். வாங்குபவர் தன் மெக்கானிக்கைக் கூட்டி வந்தால் முகம் சுளிக்காதீர்கள். பெரிய வேலைகளைச் செய்துவிட்டு விற்கலாமா என்று கேட்பார்கள். கிளட்ச், ஏசி போன்றவற்றைச் செய்தால் போட்ட பணம் பெரும்பாலும் திரும்புகிறது, முழு பெயின்ட் அடித்தால் திரும்புவதில்லை. புதிய பெயின்டைப் பார்த்ததும் 'எதை மறைக்கிறார்?' என்றுதான் முதலில் தோன்றும்.

பேரம் பேசத் தெரியாது. என்ன செய்வது?

வண்டியைத் திட்டாதீர்கள். அவர் பத்து ஆண்டு ஓட்டிய வண்டி அது. உங்கள் தாளைக் காட்டி, "டயருக்கு இவ்வளவு, பெல்ட்டுக்கு இவ்வளவு, அதனால் இந்த விலை" என்று சொல்லுங்கள். கணக்கு கண்ணில் தெரிந்தால் பலரும் இறங்கி வருகிறார்கள். 78 உங்கள் கடைசி விலை என்றால் 73-இல் தொடங்கலாம். அவர் 85-க்குக் கீழே வரவில்லையா, தொலைபேசி எண்ணைக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். ஒரு வாரம் கழித்து அழைப்பு வருவதுண்டு.

விலை முடிந்துவிட்டது. பணம் கொடுக்கும் முன் இன்னும் ஏதாவது?

காரில் பொறித்திருக்கும் சேஸிஸ் எண்ணையும் ஆவணத்தில் உள்ள எண்ணையும் ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள். 1981-க்குப் பிந்தைய பெரும்பாலான கார்களில் அது எழுத்தும் எண்ணுமாக 17 இடங்கள் கொண்டது. குழப்பம் வராமல் இருக்க ஐ, ஓ, க்யூ என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் அதில் வராது. அவற்றில் ஒன்று கண்ணில் பட்டால் எங்கோ தப்பு இருக்கிறது. கடன் பாக்கி, அபராத பாக்கி இல்லை என்று உறுதி செய்யுங்கள். அதே எண்ணை வைத்துத் தயாரிப்பாளரின் ரீகால் பட்டியலிலும் (குறையைச் சரிசெய்யத் திரும்ப அழைத்த கார்களின் பட்டியல்) தேடுங்கள். டகாட்டா என்ற கம்பெனியின் பழுதான ஏர்பேக் விவகாரத்தில் மட்டும் உலகெங்கும் கோடிக்கணக்கான கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன, மாற்றப்படாமல் ஓடும் பழைய கார்கள் இன்னும் உண்டு. ரீகால் வேலையைத் தயாரிப்பாளர் பெரும்பாலும் இலவசமாகவே செய்து தருகிறார். அதற்காக விலையைக் குறைக்க வேண்டியதில்லை, ஆனால் அந்த ஏர்பேக்கை மாற்றும்வரை குடும்பத்தை அதில் ஏற்றாதீர்கள்.